ஸ்பானிஷ் எதிர்காலம்: வினையை வெட்டாமல் அப்படியே ஒட்டுங்கள்

கேள்வி இது: "ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். நிகழ்காலத்தில் ஆர், ஏர், ஈர் என்று முடியும் மூன்று வகை வினைகளுக்கும் தனித்தனி அட்டவணையை மனப்பாடம் செய்தேன். எதிர்காலத்துக்கும் அப்படி மூன்று அட்டவணை உண்டா? ஒழுங்கான ஒரு வினையை எதிர்காலத்தில் எப்படித் திரிப்பது?"

மூன்று கிடையாது, ஒன்றே ஒன்றுதான். ஆறு விகுதிகள். அவற்றை அகராதியில் இருக்கும் வினை வடிவத்தின் வாலில் ஒட்டினால் வேலை முடிந்தது. நிகழ்காலத்தைத் தாண்டி வந்தவருக்கு இது ஓய்வு மாதிரி இருக்கும். ஆனாலும் தமிழ் பேசுகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எழுத்துமுறை பற்றி ஒரு வார்த்தை. ஸ்பானிஷ் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். எங்கே நெடில் எழுதியிருக்கிறேனோ அங்கே அழுத்தம் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறில் வரும் இடத்தில் அழுத்தம் இல்லை. எதிர்காலத்தில் பாதி விஷயம் இந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது, அதனால்தான் இந்த ஏற்பாடு. 'பேசு' என்பதற்கான வினை அப்லார். எழுத்தில் அதன் முன்னால் ஓர் 'ஹ' நிற்கும், ஆனால் ஒலிக்காது. 'ப'வை 'அன்பு' என்பதில் வருவதுபோல மென்மையாகச் சொல்ல வேண்டும்.

ஆறு விகுதிகள்: ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், ஏய்ஸ், ஆன். அப்லாரோடு ஒட்டினால்:

யோ அப்லரே – நான் பேசுவேன்
தூ அப்லராஸ் – நீ பேசுவாய்
ஏல் / ஏய அப்லரா – அவன் பேசுவான் / அவள் பேசுவாள்
நொசோத்ரொஸ் அப்லரேமொஸ் – நாம் (அல்லது நாங்கள்) பேசுவோம்
வொசோத்ரொஸ் அப்லரேய்ஸ் – நீங்கள் பேசுவீர்கள்
ஏயொஸ் அப்லரான் – அவர்கள் பேசுவார்கள்

அடுத்து ஏர் வகை. கொமேர், அதாவது சாப்பிடு: கொமெரே, கொமெராஸ், கொமெரா, கொமெரேமொஸ், கொமெரேய்ஸ், கொமெரான். ஈர் வகைக்குச் சுபீர், அதாவது ஏறு: சுபிரே, சுபிராஸ், சுபிரா, சுபிரேமொஸ், சுபிரேய்ஸ், சுபிரான். விகுதி எங்கும் மாறவில்லை பாருங்கள். ஒட்டியதும் அழுத்தம் வினையிலிருந்து விகுதிக்குத் தாவிவிடுகிறது, அவ்வளவுதான்.

சொல்லப்போனால் தமிழைவிட இது எளிது. நமக்குச் செய்வேன் என்றால் 'வ்', உண்பேன் என்றால் 'ப்', நடப்பேன் என்றால் 'ப்ப்' என்று எதிர்கால இடைநிலையே வினைக்கு வினை மாறும். ஸ்பானிஷ் கற்கும் வெளிநாட்டுக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. தமிழ் கற்கிறவருக்கு உண்டு.

இப்போது முதல் தடுக்கல். நிகழ்காலத்தில் என்ன பழகியிருக்கிறீர்கள்? கடைசியில் உள்ள ஆர், ஏர், ஈர் என்பதை வெட்டிவிட்டு விகுதி சேர்க்கப் பழகியிருக்கிறீர்கள். அப்லார் என்பதில் ஆரை எடுத்துவிட்டு ஒ சேர்த்தால் ஆப்லொ, பேசுகிறேன். அதே பழக்கத்தில் கை தானாக ஆரை வெட்டிவிட்டு ஏ சேர்த்தால் என்ன கிடைக்கும்? அப்லே. அது தப்பான சொல் இல்லை, நல்ல ஸ்பானிஷ் சொல்தான். ஆனால் அதற்கு அர்த்தம் 'பேசினேன்'! 'நாளைக்கு உங்கள் மேலாளரிடம் பேசுவேன்' என்று சொல்ல வந்தவர் 'பேசினேன்' என்று சொல்லிவிட்டு நிற்பார். அப்லே, அப்லரே. நடுவில் இருக்கும் அந்த 'ர' ஒன்றுதான் நடந்ததையும் நடக்கப்போவதையும் பிரிக்கிறது. ஆகவே எதிர்காலத்துக்கு வினையின் வாலில் கத்தி வைக்கக் கூடாது. எந்த எதிர்கால வடிவத்தைக் கேட்டாலும், ஒழுங்கானதோ ஒழுங்கற்றதோ, விகுதிக்கு முன்னால் ஒரு 'ர' இருந்தே தீரும். எழுதி முடித்ததும் அந்த 'ர' இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடுக்கல் நம் காதில் இருக்கிறது. 'ஆன்' என்று ஒரு வினை முடிந்தால் தமிழ்க் காது உடனே 'அவன்' என்று முடிவு கட்டிவிடும். ஸ்பானிஷில் ஆன் என்றால் 'அவர்கள்'. அப்லரான் என்பது பலர் பேசுவது. ஒருவர் பேசினால் ன் கிடையாது, அப்லரா. ஆணா பெண்ணா என்பதையும் விகுதி சொல்லாது. மாறாக 'ஏ' விகுதி நமக்குச் சாதகம். பேசுவேன் என்பதில் உள்ள ஏன், அப்லரே என்பதில் உள்ள ஏ, இரண்டும் 'நான்'. இது தற்செயல் ஒற்றுமைதான், மொழி உறவு ஒன்றும் இல்லை. ஆனால் மனப்பாடத்துக்கு உதவும் என்றால் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். 'கொடு' என்பதற்கான தார் என்ற வினையின் எதிர்காலம் தரே, நம் தருவேன். இதையெல்லாம் வைத்து ஸ்பானிஷ் தமிழிலிருந்து வந்தது என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

இன்னொரு வசதியும் நமக்குப் பழகியதே. பேசுவேன் என்றாலே நான் என்பது தெரிந்துவிடுவதால் 'நான்' இல்லாமலே பேசுகிறோம். ஸ்பானிஷிலும் அப்படியே. யோ, தூ எல்லாம் அழுத்திச் சொல்லும்போதோ தெளிவு தேவைப்படும்போதோதான் வரும். ஒவ்வொரு வாக்கியத்தையும் யோ என்று தொடங்கினால் கேட்பவருக்கு என்னவோபோல் இருக்கும்.

மரியாதை விஷயத்தில் கவனம் வேண்டும். மரியாதையான ஒருமை 'நீங்கள்' என்பது உஸ்தேத். அது படர்க்கை விகுதியைத்தான் எடுக்கும்: உஸ்தேத் அப்லரா. பன்மைக்கு உஸ்தேதெஸ் அப்லரான். மேலே ஐந்தாவதாக வந்த வொசோத்ரொஸ் ஸ்பெயினில் நெருக்கமானவர்கள் பலரிடம் பேசும்போது வருவது. லத்தீன் அமெரிக்காவில் அந்த இடத்திலும் உஸ்தேதெஸ்தான். ஆக, உங்கள் இலக்கு மெக்சிகோவோ கொலம்பியாவோ என்றால் ஏய்ஸ் விகுதியைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும். அர்ஜென்டினாவில் தூவுக்குப் பதில் வோஸ் என்பார்கள். நிகழ்காலத்தில் அதற்குத் தனி வடிவம் உண்டு. எதிர்காலத்தில் அந்தச் சிக்கல் இல்லை, வோஸ் அப்லராஸ்.

இந்த விகுதிகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் மனப்பாடமே தேவைப்படாது. அபேர் என்று ஒரு துணைவினை இருக்கிறது, அதையும் படித்திருப்பீர்கள் அல்லது சீக்கிரம் படிப்பீர்கள். அதன் நிகழ்காலம்: ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், அபேய்ஸ், ஆன். எதிர்கால விகுதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்தாவதில் 'அப்' உதிர்ந்து ஏய்ஸ் ஆகியிருக்கிறது, மற்றபடி அச்சு அசல் அதேதான். லத்தீனில் முன்பு வேறொரு எதிர்கால வடிவம் இருந்தது. அமாபித் என்றால் 'அன்பு செய்வான்'. அமாவித் என்றால் 'அன்பு செய்தான்'. பேச்சில் ப, வ ஒலிகள் ஒன்றாகக் கலந்தபோது இரண்டும் ஒரே மாதிரி கேட்க ஆரம்பித்தன. எதிர்காலமும் இறந்தகாலமும் ஒரே ஒலி என்றால் யார் அதை வைத்துக்கொள்வார்கள்? பேச்சு லத்தீனில் வேறு வழி பிடித்தார்கள். வினையின் முழு வடிவத்துக்குப் பின்னால் அபேரின் மூதாதையைச் சேர்த்துச் சொன்னார்கள். நாம் 'பேச இருக்கிறேன்' என்கிறோமே, கிட்டத்தட்ட அந்தக் கட்டமைப்பு. காலப்போக்கில் இரண்டு சொல்லும் ஒட்டி ஒரே சொல்லாயின. பிரெஞ்சு, இத்தாலியன், போர்த்துகீஸ் எதிர்காலமும் இதே வழியில் பிறந்தவைதான். 1492இல் வந்த, நெப்ரிஹா என்ற அறிஞரின் காஸ்தீலிய (அதாவது ஸ்பானிஷ்) இலக்கணமே இந்த ஒட்டுவேலையைக் கண்டுகொண்டிருக்கிறது. பழைய ஸ்பானிஷில் ஒட்டு முழுதாகக் காயவும் இல்லை. தார் தெ ஏ, அதாவது 'உனக்குத் தருவேன்' என்று நடுவில் 'உனக்கு' என்ற சொல்லைச் செருக முடிந்தது. இன்று தெ தரே என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் எழுத்துப் போர்த்துகீஸில் இந்தச் செருகல் இன்னும் இருக்கிறது.

வினையை ஏன் வெட்டக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். அங்கே ஒட்டப்படுவது ஒரு காலத்தில் தனிச்சொல்.

அடுத்தது அழுத்தமும், எழுத்தின் தலையில் போடும் சாய்கோடும். தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது. அதனால் நம் நாக்கு எல்லா அசைகளையும் சமமாகத் தட்டிவிட்டுப் போகும். ஸ்பானிஷில் அது எடுபடாது. அப்லரா என்றால் 'பேசுவான்'. அப்லார என்றால் 'அவன் மட்டும் பேசினால்' என்று கற்பனையாகச் சொல்லும் இடத்தில் வரும் வேறொரு வடிவம். எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கடைசி உயிரின் மேல் உள்ள அந்தக் கோடு மட்டுமே. அப்லராஸ், அப்லாரஸ் என்பதும் அப்லரான், அப்லாரன் என்பதும் அதே கதைதான். கோட்டை விட்டுவிட்டால் எழுத்துப்பிழை என்று யாரும் நினைக்க மாட்டார்கள், வேறு சொல்லாகவே படிப்பார்கள்.

ஆறு வடிவங்களில் ஐந்துக்குக் கோடு உண்டு, அப்லரேமொஸ் என்பதற்கு மட்டும் இல்லை. இதை விதிவிலக்கு என்று தனியாக மனப்பாடம் செய்கிறவர்கள் நிறைய. தேவையே இல்லை. ஸ்பானிஷில் ஒரு சொல் உயிரிலோ, ன் அல்லது ஸ் எழுத்திலோ முடிந்தால், கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும் என்பது பொது எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பு பொய்த்தால்தான் கோடு போட்டுக் காட்டுவார்கள். அப்லரே, அப்லராஸ், அப்லரான் எல்லாவற்றிலும் அழுத்தம் கடைசி அசையில், ஆகவே கோடு. அப்லரேமொஸில் அழுத்தம் இயல்பாகவே கடைசிக்கு முந்தைய 'ரே'யில் விழுகிறது, ஆகவே கோடு வேண்டாம். 'கேள்' என்பதற்கான ஒஈர், 'சிரி' என்பதற்கான ரெஈர் ஆகிய வினைகள் அகராதி வடிவத்திலேயே கோடு சுமந்திருக்கும். எதிர்காலத்தில் அழுத்தம் விகுதிக்குப் போவதால் அந்தப் பழைய கோட்டை எடுத்துவிட வேண்டும்.

ஒழுங்கற்ற வினைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். அடிப்படையாகப் பன்னிரண்டு வினைகள், அவ்வளவுதான். அவற்றிலும் விகுதி மாறாது, பகுதி மட்டும் கொஞ்சம் சுருங்கும். அழுத்தம் விகுதிக்கு ஓடிவிட்டதால் நடுவில் இருந்த உயிர் பலவீனமாகி உதிர்ந்தது. பொதேர் (முடி, இயலு) பொதெரே ஆகாமல் பொத்ரே. சபேர் (அறி) சப்ரே. அபேர் அப்ரே. கபேர் (கொள்ளளவுக்குள் அடங்கு) கப்ரே. கெரேர் (விரும்பு) கெர்ரே. இந்தக் கடைசிச் சொல்லில் ரகரத்தை நன்றாக உருட்ட வேண்டும். இன்னொரு குழுவில் உயிர் உதிர்ந்ததும் 'ன்ர்', 'ல்ர்' என்று வாயில் நுழையாத சேர்க்கை வந்தது, நடுவில் ஒரு 'த்' தானாக முளைத்தது. தெனேர் (வைத்திரு) தெந்த்ரே, பொனேர் (வை) பொந்த்ரே, வெனீர் (வா) வெந்த்ரே, சலீர் (வெளியே போ) சல்த்ரே, வலேர் (மதிப்புப் பெறு) வல்த்ரே. மிச்சம் இரண்டு கொஞ்சம் முரட்டுத்தனமானவை: அசேர் (செய்) அரே, தெசீர் (சொல்) திரே.

பட்டியலைக் கவனித்தீர்களா? ஆர் என்று முடியும் வினை ஒன்றுகூட இதில் இல்லை. 'அ' பலமான உயிர், உதிரவில்லை. ஆகவே ஆர் வினை எதைப் பார்த்தாலும் கண்ணை மூடிக்கொண்டு விகுதியை ஒட்டலாம். பன்னிரண்டின் குடும்பத்தில் பிறந்த கூட்டு வினைகள் அதே வழியில் போகும். மந்தெனேர் (பராமரி) மந்தெந்த்ரே ஆகும், ப்ரொபொனேர் (முன்மொழி) ப்ரொபொந்த்ரே ஆகும். ஆனால் தெசீர் குடும்பத்தில் 'ஆசீர்வதி', 'சபி' என்ற இரண்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும்: பெந்தெசிரே, மல்தெசிரே.

இன்னொரு பக்கம், நிகழ்காலத்தில் உங்களைப் படுத்திய வினைகள் இங்கே பூனைக்குட்டி மாதிரி அடங்கிக் கிடக்கும். சேர் (இரு, ஆகு) செரே, எஸ்தார் (இரு) எஸ்தரே, வேர் (பார்) வெரே. துவேர்மொ, பியேன்சொ என்று நிகழ்காலத்தில் நடு உயிர் உடையும் தொர்மீர் (தூங்கு), பென்சார் (யோசி) ஆகியவை தொர்மிரே, பென்சரே என்று சாதுவாக வரும். ஈர் (போ) இரே, இராஸ், இரா என்று போகும். 'அவர்கள் போவார்கள்' என்பது இரான். ஈரான் நாட்டையும் ஸ்பானிஷில் அதே எழுத்துகளோடு, அதே கோட்டோடுதான் எழுதுவார்கள். முதல் எழுத்து மட்டும் பெரியது.

எதிர்மறை சுலபம். தமிழில் பேசுவேன், பேச மாட்டேன் ஆகும். வரும் என்பது வராது ஆகும். ஸ்பானிஷில் முன்னால் நோ போட்டால் போதும்: நோ அப்லரே. 'அதை', 'உனக்கு', 'என்னை' போன்ற சிறு சொற்கள் வினைக்கு முன்னால் வரும்: லொ அரே, அதைச் செய்வேன். நோ லொ அரே, அதைச் செய்ய மாட்டேன்.

காதுக்கு ஒரு எச்சரிக்கை. அபேரின் படர்க்கையான அப்ரா 'இருக்கும், உண்டாகும்' என்ற பொருளில் அடிக்கடி வரும். வேகமான பேச்சில் அதையும் அப்லராவையும் குழப்பிக்கொள்வது சகஜம். அந்தப் பொருளில் வரும் அப்ரா ஒருமையாகவே நிற்க வேண்டும் என்பது இலக்கண வழக்கு. பல பிரச்சினைகள் இருக்கும் என்றாலும் அப்ரா ப்ரொப்லேமஸ்தான், அப்ரான் இல்லை.

வடிவம் கைவந்துவிட்டது, சரி. எங்கே பயன்படுத்துவது? பேச்சில், அதிலும் லத்தீன் அமெரிக்காவில், 'செய்யப்போகிறேன்' என்பதற்கு ஈர் வினையை வைத்துச் சொல்லும் முறைதான் அதிகம் கேட்கும்: வோய் அ அப்லார், பேசப்போகிறேன். நம் 'போகிறேன்' போலவே அங்கேயும் 'போ'தான் வேலை செய்கிறது. நிச்சயமான ஏற்பாடு என்றால் நிகழ்காலமே போதும்: மஞான ஆப்லொ கொன் ஏல், நாளை அவனோடு பேசுகிறேன். நீங்கள் படிக்கும் ஒட்டு எதிர்காலம் எழுத்திலும், வாக்குறுதியிலும், முன்னறிவிப்பிலும், கண்டிப்பான கட்டளையிலும் கம்பீரமாக வரும். பத்துக் கட்டளைகளில் 'கொலை செய்யாதிருப்பாயாக' என்பது ஸ்பானிஷில் நோ மதராஸ், முன்னிலை எதிர்காலம்.

ஆனால் அன்றாடப் பேச்சில் இந்த வடிவம் அதிகம் உழைப்பது ஊகத்தில். இந்த இடத்தில் தமிழ் பேசுகிறவருக்கு அட்டகாசமான சலுகை. மணி என்னவாக இருக்கும்? கே ஓர செரா? மூன்று இருக்கும். செரான் லஸ் த்ரேஸ். அவன் வீட்டில் இருப்பான். எஸ்தரா என் காச. நாளை நடக்கப்போவதைப் பற்றிய பேச்சே இல்லை, இப்போதைய நிலையைத்தான் ஊகிக்கிறோம். அதற்கு நாமும் எதிர்காலத்தைப் போடுகிறோம், அவர்களும் போடுகிறார்கள். ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிப்பவர்கள் இதைத் தனிப் பாடமாகக் கற்கிறார்கள். நீங்கள் தமிழிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் தைரியத்தில் எல்லா இடத்திலும் நேராக எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். 'தாத்தா தினமும் காலையில் நடப்பார்' என்று வழக்கத்தைச் சொல்ல நமக்கு எதிர்காலம் வரும். ஸ்பானிஷில் அங்கே நிகழ்காலம். 'அந்தக் காலத்தில் நடப்பார்' என்றால் இறந்தகாலத்தின் தொடர் வடிவம். இரண்டிலும் அப்லரா வகை நுழையக் கூடாது.

அப்புறம் 'வரும்போது', 'வந்தால்'. 'அவன் வரும்போது உன்னைக் கூப்பிடுவேன்' என்பதில் வரும் என்ற எதிர்காலப் பெயரெச்சம் இருப்பதால், குவாந்தொ (எப்போது, போது) என்ற சொல்லுக்குப் பின்னாலும் எதிர்காலம் போடத் தோன்றும். போடாதீர்கள். அங்கே இன்னும் நடக்காததைக் குறிக்கும் தனி வடிவம் வரும்: குவாந்தொ யேகெ, தெ யமரே. யெகரா என்று அங்கே எழுதினால் பிழை. சி (ஆல் விகுதிக்கு நிகரானது) வந்தால் நிகழ்காலம்: சி யுவேவெ, நோ சல்த்ரே, மழை பெய்தால் வெளியே போக மாட்டேன். இரண்டு வாக்கியத்திலும் எதிர்காலம் ஒரே இடத்தில்தான் வருகிறது, நிபந்தனையின் விளைவைச் சொல்லும் பகுதியில்.